மேடைக் குறிப்பு வாசித்த வாரம்

கடந்த ஆனி மாதத்தில், குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வாசகசாலையின் மாடியில், இதுவரை மேடையேறாத ஆறு புதிய நாடகங்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதும் வேலை செய்தோம். நாடகம் எழுதியவர்கள் ஆறு பேர், இயக்குநர்கள் மூன்று பேர், சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் வந்த நடிகர்கள் பதினான்கு பேர். இவர்களோடு நானும் இருந்தேன். நான் 22 ஆண்டுகளாக நாடகங்களுக்கு ஒளியமைத்து வருபவன். அழைப்பு வந்தபோது, எத்தனை ஸ்பாட் விளக்கு கிடைக்கும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் எத்தனை சேனல் இருக்கும் என்றுதான் முதலில் கேட்டேன். விளக்கே கிடையாது, கூடத்தில் நான்கு குழல் விளக்குகள் மட்டும் எரியும், உங்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறோம், வாருங்கள் என்றார்கள்.

அந்த வேறு வேலை, மேடைக் குறிப்பு வாசிப்பது. புதிய நாடகங்களுக்கான இத்தகைய வாசிப்பு விழாக்களில் நாடகம் நடிக்கப்படுவதில்லை, வாசிக்கப்படுகிறது. நடிகர்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, பிரதியைக் கையில் பிடித்தபடியே தங்கள் பாத்திரத்தின் பேச்சை வாசிப்பார்கள். உடை, ஒப்பனை, மேடைப்பொருள் எதுவும் இருக்காது. ‘அவள் கதவைத் திறந்து வெளியே பார்க்கிறாள்’ என்று நாடகாசிரியர் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தால், நடிகை எழுந்து போய்க் கதவைத் திறக்க மாட்டார். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த வரியை வாசிப்பார், பார்வையாளர்கள் கதவை மனத்தில் திறந்துகொள்வார்கள். பகலில் மூன்று அறைகளில் மூன்று குழுக்கள் பிரதியோடு மல்லுக்கட்டும். மாலை ஆறரை மணிக்கு ஒரு நாடகம், ஊர்க்காரர்கள் முன்னிலையில் வாசிக்கப்படும். இரவில் ஆசிரியர் தன் அறைக்குப் போய்த் திருத்துவார். ஆறு மாலைகளிலும் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான்.

ஒளியமைப்பாளன் ஒரு நாடகத்துக்குள் நுழைவது எப்போதும் கடைசியில்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அரங்கத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுப்பார்கள். முதல் நாள் கருவிகளைத் தொங்கவிட்டு, திசை வைத்து, நிறத்துக்கான ஜெல் தாள் செருகி, எந்த இடத்தில் எந்த விளக்கு என்ற க்யூ எழுதி முடிப்பதற்குள் விடிந்துவிடும். இரண்டாம் நாள் மாலை நாடகம். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்து அரங்கில் அப்படியொரு பிற்பகலில், நாடகத்தின் முடிவுக்கு முந்தைய காட்சி தேவையில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எழுதியவருக்கும் விளங்கியது. ஆனால் அழைப்பிதழ் போய்விட்டது, நடிகர்கள் நான்கு மாதமாக மனப்பாடம் செய்த வரிகள் அவை. இயக்குநர் என்னிடம் வந்து, அந்தக் காட்சியில் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள் என்றார். குறைத்து வைத்தேன். அந்த நாடகம் இரண்டு முறை நடந்ததோடு நின்றுபோனது. அதை எழுதியவர் அதன்பின் நாடகம் எழுதவில்லை. அவர் நல்ல எழுத்தாளர். இன்றும் அந்த நாடகத்தில் முதல் இரண்டு காட்சிகளை என்னால் நினைவிலிருந்து சொல்ல முடியும்.

ரயில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது காற்றாலைகள் அத்தனையும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனிக் காற்று அங்கே ரயில் பெட்டிக்குள்ளேயே வந்து ஆளைத் தள்ளும். நாகர்கோவிலில் இறங்கித் தக்கலைக்குப் பேருந்து பிடித்தேன். போகும் வழியில், பக்கத்தில் இருக்கும் ஒழுகினசேரியை நினைத்துக்கொண்டேன். 1908-இல் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த இடம் அது. அவர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்து வளர்ந்தவர். அந்தச் சகோதரர்களுக்குச் சிறுவயதில் வாத்தியாராக இருந்த சங்கரதாஸ் சுவாமிகள், ஒரே இரவில் ஒரு முழு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்பது தமிழ் நாடகக்காரர்கள் எல்லோரும் பெருமையோடு சொல்லும் செய்தி. நானும் பல இளைஞர்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், அதில் பாதியைத்தான் சொல்லி வந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. சுவாமிகள் எழுதிய நாடகத்தை எடுத்துக்கொள்ள, ஒரே கொட்டகையின் கீழ் உண்டு உறங்கும், சிறுவர்களே நடிக்கும் ஒரு பாலர் குழு மறுநாளே தயாராக இருந்தது. ஒரு நாடகம் ஊர் ஊராக நூற்றுக்கணக்கான இரவுகள் நடந்தது. எந்தப் பாட்டுக்குக் கூட்டம் அசையாமல் இருக்கிறது, எந்த இடத்தில் எழுந்து வெற்றிலை போடப் போகிறது என்பது ஒவ்வோர் இரவும் தெரிந்துகொண்டே இருந்தது. எழுதியது ஓர் இரவு; இழைத்தது அத்தனை இரவுகள். நமக்கு அந்த ஓர் இரவின் கதை மட்டும் மிஞ்சியிருக்கிறது, மற்ற இரவுகள் போய்விட்டன. மாலை நேரங்களில் வேலை முடித்து வந்து ஒத்திகை பார்த்து, இரண்டு காட்சிகள் போட்டுவிட்டுக் கலைந்து போகிற இன்றைய குழுக்களில், ஒரு புதிய நாடகம் தன்னைத் தானே கேட்டுக்கொள்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

முதல் நாள் காலையில் ஆறு பிரதிகளையும் அடுக்கி வைத்து, அடைப்புக்குறிக்குள் இருப்பவற்றை மட்டும் படித்தேன். எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. ஆறு பேரில் ஐந்து பேர், பெரும்பாலான காட்சிகளின் முடிவில் ‘ஒளி மெல்ல மங்குகிறது’ என்று எழுதியிருந்தார்கள். வாசிப்பில் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தால்தான் அதன் வலுவின்மை தெரியும். குழல் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும், எதிரே இருப்பவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நடிகர்கள் தங்கள் கடைசி வரியிலேயே நின்றிருப்பார்கள், காட்சி முடிந்திருக்காது. இரண்டு பேர் சண்டையிடுகிறார்கள், ஒருவர் ஏதோ சொல்கிறார், மற்றவர் பதில் சொல்லவில்லை, ஒளி மங்குகிறது. பதில் என்ன என்பது எழுதியவருக்கே தெரியாத இடத்தில் ஒளி மங்கியிருக்கிறது. 22 ஆண்டுகளாக இந்த இடங்களில் என் விரல் டிம்மரைக் கீழே இறக்கியிருக்கிறது. பதினைந்து விநாடி இறக்கம், இருபது விநாடி இறக்கம் என்று அழகாக இறக்கியிருக்கிறேன். முடியாத காட்சிகளுக்கு நான் முடிவு செய்துகொடுத்து வந்திருக்கிறேன்.

அன்று பிற்பகல் சாயா குடிக்கும் நேரத்தில் ஆறு ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைத்தேன். இந்த வாரம் மட்டும், விளக்கு என்ற ஒன்று உலகத்தில் இல்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் காட்சிகளின் கடைசி அரைப் பக்கத்தைத் திருத்திப் பாருங்கள் என்றேன். மூன்று பேர் செய்தார்கள். ஒருவர் மறுத்தார், மங்குவதுதான் என் முடிவு என்றார், அவர் நாடகத்தில் அது உண்மையாகவும் இருந்தது. படிப்பெல்லாம் மலையாளத்தில் படித்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் தமிழில் பாடம் நடத்த வேண்டி வந்த ஒரு தலைமையாசிரியரைப் பற்றிய நாடகம் அது. முதியவர் பேச்சின் நடுவே எந்த மொழியில் தொடங்கினோம் என்பதை மறந்துவிடுகிறார். அந்த வாக்கியங்கள் எதுவும் முடிவதில்லை. அங்கே காட்சிகளும் முடியத் தேவையில்லை.

மற்ற நாடகங்களைப் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்களைப் பற்றி ஒன்று இருந்தது. விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர்களின் பேச்சு அதில் மிக நன்றாக வந்திருந்தது. அது மேடைக்கு வரும் என்று உறுதியாக நம்புகிறேன். என் மனம் முழுவதையும் எடுத்துக்கொண்டது, கடற்கரைப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை எழுதிய நாடகம். அவரை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தோம். அவருக்கு அது முதல் நாடகம்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்தக் கடலைக் கடந்தது. அதற்குப் பல நாட்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்கு, கரையிலிருந்து எந்தச் சொல்லும் போய்ச் சேரவில்லை. தூத்தூர் வட்டாரத்து ஊர்கள்தான் அதிகம் இழந்தன. திரும்பி வராதவர்களில் பலருடைய உடலும் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டம் கொள்வதற்கு வழக்கமாக ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். ஒக்கியில் அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி இழப்பீடு கொடுத்தது. டீச்சரின் நாடகம் புயலைக் காட்டவில்லை. புயலுக்குப் பிந்தைய மாதங்களில் ஒரு பெண் விண்ணப்பங்களோடு அலைவதைக் காட்டியது. கணவன் செத்துவிட்டான் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைகளுக்குப் பணம். கையெழுத்துப் போட்டால், அவன் திரும்பி வரமாட்டான் என்று முதலில் சொன்னவள் அவளாகிவிடுவாள். நாடகத்தின் வலி அந்தக் கையெழுத்தில் இருந்தது.

அந்தப் பிரதியில் ‘மௌனம்’ என்ற குறிப்பு 41 இடங்களில் இருந்தது, பென்சிலால் எண்ணினேன். முதல் ஒத்திகையில் அந்தச் சொல்லை நான் வாசித்தபோது ஏற்பட்ட சங்கடத்தை மறக்க முடியாது. நடிகை ஒரு வரியைச் சொல்லி நிறுத்துகிறார். அறை அமைதியாகிறது. அந்த அமைதிக்குள் நான் ‘மௌனம்’ என்று உரக்கச் சொல்கிறேன். எதைக் குறிக்கிறேனோ அதை என் வாயே கலைத்துவிடுகிறது. ‘நீண்ட மௌனம்’ என்று வாசிப்பது இன்னும் மோசம். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், சொல்லிவிட்டு மூன்று எண்ணும்வரை காத்துப் பார்த்தேன், எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் இயக்குநரும் டீச்சரும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மௌனம் வரும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. பிரதியிலிருந்து தலையை நிமிர்த்தி எதிர்ச் சுவரைப் பார்ப்பேன். நான் மறுபடி குனியும்வரை நடிகர்கள் பேசக்கூடாது. வாசிப்பு தொடங்கும் முன் இதைப் பார்வையாளர்களிடமும் ஒரு வரியில் சொல்லிவிடுவது.

அதிலிருந்து ஒத்திகை வேறு மாதிரி ஆயிற்று. ஒவ்வொரு மௌனத்தின் நீளமும் என் கழுத்தில் இருந்தது. சில இடங்களில் தலையை நிமிர்த்தினால், குனியவே மனம் வராது. எல்லோரும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில இடங்களில் நிமிர்த்திய உடனே, இங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும். டீச்சர் தன் பிரதியில் அந்த இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் இரவு அவர் என்னிடம் சொன்னது இது: “அண்ணே, இதுல பாதி இடம் அவ பேசாம இருந்த இடம் இல்ல. எழுதும்போது அடுத்து என்னன்னு தெரியாம நான் பேனாவ வச்சுக்கிட்டு இருந்த இடம்.” மறுநாள் 14 மௌனங்களை அவரே அடித்துவிட்டார். மிச்சம் 27. அந்த இருபத்தேழும் வைரம்போல் இருந்தன.

பேச்சு மொழியிலும் இதே அளவு வேலை இருந்தது. சென்னையிலிருந்து வந்த நடிகை அனுபவம் மிக்கவர், அந்தப் பெண்ணின் பாத்திரம் அவருக்கு. குமரித் தமிழ் என்றதும் திரைப்படங்களில் கேட்ட தென்பாண்டி இழுவை ஒன்று அவர் நாக்கில் வந்து உட்கார்ந்தது. டீச்சர் மிகுந்த மரியாதையோடு, ஆனால் தயங்காமல் சொன்னார்: “அக்கா, நாங்க இழுத்துப் பேச மாட்டோம். வேகமாப் பேசுவோம். கடல் சத்தத்துல பேசிப் பேசி அப்படி ஆயிட்டு.” அதன்பின் இயக்குநர் ஒரு விதி வைத்தார்: ராகத்தை நடிக்க வேண்டாம், சொல்லை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள். ‘எனக்க வீட்டுக்காரரு’ என்று எழுதியிருந்தால் ‘என் வீட்டுக்காரர்’ என்று நாக்கு வழுக்கிவிடக்கூடாது. இந்த ‘எனக்க’, ‘அவருக்க’ என்ற சொற்களை மாவட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறார்கள். ஓர் அரை நாள் முழுவதும் அந்த நடிகை ‘எனக்க’ என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தார். ‘என்’ என்பது விரலால் சுட்டி முடிந்துவிடும் சொல். ‘எனக்க’ என்பதற்குள் ‘எனக்கு’ என்பதன் ஒலியும் இருக்கிறது, அது கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறது என்று அவர் சொன்னபோது, மொழியைக் கற்கும் ஒரு குழந்தையின் மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது.

நான்காம் நாள் இரவு, தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு வில்லிசைப் புலவர் எங்களைப் பார்க்க வந்திருந்தார். வில்லுப்பாட்டு இந்த மண்ணின் கலை. காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடித்தான் கதைக்குள் போவார்கள்; வாழி பாடி முடிப்பார்கள். அன்றைய வாசிப்பை முழுவதும் கேட்டுவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து மட்டிப்பழத்தை உரித்துக்கொண்டே அவர் என்னிடம், நீங்கள் மட்டும் எதற்காகத் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். வில்லில் அந்த ஆள் தனியாக இல்லை என்றார். புலவர் ஒரு வரி சொன்னதும் இடப்பக்கம் இருப்பவர் ‘ஆமா’ போடுவார், அல்லது ‘பிறகு என்ன ஆச்சு’ என்று கேட்பார். கதவு திறந்ததா, பொழுது விடிந்ததா என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் வந்துவிடும். நீளம் எவ்வளவு என்பதை எப்படித் தீர்மானிப்பீர்கள் என்று கேட்டேன். கோயில் கொடை விழாவில் சாமி வரத்துப் பாடும்போது சாமி வரவேண்டும், வரும்வரை பாட வேண்டும் என்றார். “பேப்பரப் பாத்து முடிக்க முடியாதுல்லா. எதுக்க இருக்க ஆளப் பாத்துல்லா முடிக்கணும்.” அந்த வாக்கியத்தை என் பிரதியின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் அது எனக்குத் தேவைப்பட்டது.

ஐந்தாம் நாள் பிற்பகல், டீச்சரின் நாடகத்தை ஒரு கடற்கரை ஊரின் தேவாலயக் கூடத்தில் மீண்டும் வாசித்தோம். இந்த விழாவை ஆனியில் வைத்ததற்கே காரணம் அதுதான். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இதே மாவட்டத்தில் கிழக்குக் கடலைப் பார்த்திருக்கும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; இரண்டு கடல், இரண்டு கணக்கு. ஆழ்கடல் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் மாதம் என்பதால் ஆண்களும் கேட்க வருவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வந்தார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் இருக்கும். பெண்கள் முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் சுவரை ஒட்டி நின்றார்கள். நடுவில் மழை பிடித்தது. முன்புறத் தகரச் சாய்ப்பில் மழை விழுந்த சத்தத்தில் ஐந்து நிமிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நடிகர்கள் நிறுத்தினார்கள், யாரும் எழுந்து போகவில்லை. மழை ஓய்ந்ததும், விட்ட வரியிலிருந்து தொடங்கச் சொல்லி ஒரு பாட்டி கையைக் காட்டினார்.

நாடகத்தின் நான்காம் காட்சியில் ஒரு கத்தரிக்கோல் வரும். அலுவலகத்தில் கணவனின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் மூன்று கேட்கிறார்கள். அவனைத் தனியாக எடுத்த படம் வீட்டில் இல்லை. இருப்பது கல்யாணப் படம் ஒன்றுதான். அவள் சட்டத்திலிருந்து அதைக் கழற்றி, மடியில் வைத்து, கத்தரிக்கோலை எடுத்து, தன்னையும் அவனையும் பிரித்து வெட்டுகிறாள். வெட்டும்போது அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இந்தக் காட்சியை முதலில் படித்தபோதே என் மனம் வெளிச்சம் போட்டுவிட்டது. மேலிருந்து ஒரே ஒரு ஸ்பாட், கத்தரிக்கோலின் இரும்பில் பட்டுத் தெறிக்கும்படி. வாரம் முழுவதும் அந்த மினுக்கத்தை நான் வளர்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்தக் குறிப்பை நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு வாசித்தேன்: “கத்தரிக்கோலை எடுக்கிறாள். இருவருக்கும் நடுவே வைக்கிறாள்.” தலையை நிமிர்த்தினேன்.

முன்வரிசைப் பாயிலிருந்து ஒரு பெண்மணி, சண்டைக்கு இல்லாத, உதவி செய்கிற குரலில் சொன்னார்: “எதுக்கு மக்கா போட்டோவ வெட்டணும்? ஸ்டுடியோவுல குடுத்தா அவனே பிரிச்சுத் தருவானே. எனக்க வீட்டுக்காரருக்க போட்டோவ நான் அப்படித்தான் எடுத்தேன்.”

கூடத்தில் யாரும் அசையவில்லை. நடிகை பிரதியை மடியில் இறக்கிவிட்டார். எனக்குக் குனியத் தோன்றவில்லை. புலவர் சொன்ன எதிரே இருக்கிற ஆள் இவர்தான் என்று புரிந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அந்தப் பெண்மணியே, “வாசி மக்கா, வாசி” என்றார். வாசித்து முடித்தோம். அந்த மௌனம் பிரதியில் இல்லாதது.

வாசிப்பு முடிந்து எல்லோருக்கும் கட்டன் சாயாவும் ரசவடையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் அந்தப் பெண்மணியின் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தார். நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதன் சுருக்கம் இது. கல்யாணப் படத்தில் அவர் தலையில் போட்டிருந்த வெள்ளை நெட்டின் ஓரம் கணவனின் கோட்டுத் தோளில் விழுந்திருந்தது. ஸ்டுடியோப் பையன் கணினியில் முதலில் இவருடைய முகத்தை எடுத்தான். பிறகு பின்னாலிருந்த பீடத்தையும் பூவையும் எடுத்து வெள்ளையாக்கினான். கடைசியில் தோளில் கிடந்த நெட் மட்டும் நின்றது. அதை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. கோட்டுத் துணியின் மற்றோர் இடத்திலிருந்து கறுப்பை எடுத்து எடுத்து அதன்மேல் வைத்தான். நெட்டு கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டுமே தம்பி என்று இவர் கேட்டிருக்கிறார். ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க அக்கா என்று அவன் சொல்லியிருக்கிறான். எழுதிக்கொள்ளலாமா என்று டீச்சர் கேட்டார். “எழுது. எனக்க பேரு மட்டும் வேண்டாம்” என்றார் அவர்.

திரும்பி வரும் வேனில் நான் வருத்தத்தோடு இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கத்தரிக்கோல் போய்விட்டது. மேடையில் அது எத்தனை அழகாக இருந்திருக்கும்! ஆனால் கடற்கரையில் எந்தப் பெண்ணும் செய்யாத ஒன்று அது. தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்காகக் காட்சி தயாரித்துக்கொண்ட துக்கம். டீச்சருக்கு இந்த வருத்தம் எதுவும் இல்லை. வேனிலேயே கைப்பேசி வெளிச்சத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். அந்த நாடகம் நேராக அரங்கத்துக்குப் போயிருந்தால் கத்தரிக்கோல் இருந்திருக்கும், நான் அதன்மேல் ஸ்பாட் போட்டிருப்பேன், நகரத்தில் கை தட்டியிருப்பார்கள், அந்தப் பெண்மணி அதைப் பார்த்திருக்கவே மாட்டார். இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. ஒரு வாரம் தங்க இடமும், சாப்பாடும், நடிகர்களுக்குக் கொஞ்சம் பணமும், கேட்க ஒரு கூட்டமும் போதும் இதைத் தடுக்க. அரங்க வாடகைக்கும் அச்சுக்கும் விளக்குக்கும் செலவழிக்கத் தயாராக இருக்கும் நம் குழுக்கள், இந்தச் செலவை மட்டும் வீண் என்று எண்ணுகின்றன. என் கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் பிரதிக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்று இனி என்னை அழைப்பவர்களிடம் கேட்கப் போகிறேன்.

ஏழாம் நாள் காலையில், மூட்டை கட்டுவதற்கு முன், புதிய நான்காம் காட்சியை எங்களுக்குள் ஒருமுறை வாசித்தோம். மூன்றரைப் பக்கம். ஸ்டுடியோப் பையன் ஒருவன், அவள், ஒரு கணினி. அவன் வேலை செய்துகொண்டே பேசுகிறான்: மழையைப் பற்றி, கரண்டு போவதைப் பற்றி, அவளுடைய மூத்த பையன் தன்னோடு படித்ததைப் பற்றி. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மௌனம் என்ற குறிப்பு அந்தக் காட்சியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ‘ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க அக்கா’ என்பதற்குப் பிறகு. சென்னை நடிகை அந்த இடத்தில், ‘செரி, எடு’ என்று சொல்ல வேண்டும். நான் தலையை நிமிர்த்தினேன். வாசகசாலையின் ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒரு குருவி போய் வந்துகொண்டிருந்தது. குனிந்தேன். அவர் சொன்னார்.

காட்சியின் கடைசியில் ‘ஒளி மங்குகிறது’ இல்லை. அச்சு இயந்திரத்திலிருந்து படம் வெளியே வருகிறது. பையன் எட்டுப் படங்கள் உள்ள தாளை அவளிடம் கொடுத்து, எத்தனை வேண்டும் என்று கேட்கிறான். மூன்று போதும் என்கிறாள். மிச்சம் ஐந்தையும் வைத்துக்கொள்ளுங்கள், தாள் ஒன்றுதான் என்கிறான். அத்தோடு காட்சி முடிகிறது.

நாகர்கோவில் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பிரதியை மறுபடி எடுத்தேன். நான்காம் காட்சியின் ஓரத்தில் டீச்சர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘அண்ணே, இந்த இடத்துல வெளிச்சம் எங்கிருந்து வரணும்?’ மூன்றரைப் பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். கணினித் திரையின் முதுகு பார்வையாளர்களைப் பார்த்திருக்க வேண்டும். படம் அவர்களுக்குத் தெரியக்கூடாது. திரையிலிருந்து வரும் வெளிச்சம் அவள் முகத்தில் மட்டும் விழ வேண்டும். கல்யாணப் படத்தில் பீடமும் பூவும் கறுப்புக் கோட்டும் இருக்கும்போது அந்த வெளிச்சம் குறைவாக இருக்கும். பையன் அவளை எடுக்கிறான், பீடத்தை எடுக்கிறான், பூவை எடுக்கிறான். எடுக்க எடுக்கத் திரை வெள்ளையாகிறது. அவள் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே போகும். இதை அப்படியே அந்த ஓரத்தில் எழுதி, படமெடுத்து, டீச்சருக்கு அனுப்பினேன். வண்டி ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது அவரிடமிருந்து பதில் வந்தது. நெட் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் குறையும்தானே அண்ணே, கறுப்புதானே வைக்கிறான், என்று கேட்டிருந்தார்.